சொல்பேச்சு கேளாத கால்

எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரருக்கு ஒரு வியாதி இருந்தது. யாராவது ஒன்றைச் செய்யச் சொன்னால் அதைச் செய்யமாட்டார். செய்யமாட்டார் என்றால் மறுத்துவிடுவார் என்று அர்த்தமில்லை. மறுத்தாலாவது வேறு ஆளைப் பார்க்கலாம். "எனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, சொன்னதற்கு ஒரு நூல் முன்னாலோ ஒரு நூல் பின்னாலோ தன் இஷ்டத்துக்குச் செய்வார். சொன்னபடி மட்டும் செய்யமாட்டார்.

நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் ஃபோர்மேன். அவருக்குக் கீழே ஒரு கூட்டம் காண்ட்ராக்ட் ஆட்கள். ஷிஃப்ட் முழுக்க தூக்கு, இறக்கு, தள்ளு, நிறுத்து என்று கத்திக் கத்தி, வாயிலிருந்து வெளியே போகிற வழி அகலமாகி, காதுக்குள் வருகிற வழி தூர்ந்துபோயிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. அவருக்கும் மேலே அதிகாரிகள் இருந்தார்களே என்று கேட்கலாம். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். அதிகாரி வாயைத் திறப்பதற்குள் "அதத்தான் சார் செய்யப் போறேன்" என்று சொல்லிவிடுவார். எதைச் செய்யப் போகிறார் என்பது இரண்டு பேருக்குமே தெரியாது.

நான் வண்டிப் பட்டறையில் டெக்னீசியன். கிரேடில் அவருக்குக் கீழே, வயதிலும் கீழே. வீட்டில் மட்டும் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். கோயிலுக்குப் போவதும் ஒரே மாதா கோயில்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் "எழுந்து நிற்போம்" என்பார். எல்லாரும் எழுந்து நிற்பார்கள். இவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். துடைத்து முடித்து இவர் நிதானமாக எழும்போது சாமியார் எல்லாரையும் உட்காரச் சொல்லியிருப்பார். முழங்காலில் நிற்கும் நேரத்தில் அத்தனை தலையும் கீழே இறங்கிவிட, டவுன்ஷிப் தண்ணீர்த் தொட்டி மாதிரி இவர் ஒருவர் தலை மட்டும் உயரத்தில் தெரியும். பக்தி இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. ஜெபமாலை இல்லாமல் வீட்டைவிட்டு இறங்கமாட்டார். பத்துக் கட்டளைகளை அவர் மீறாமல் இருந்ததே, அவை தன்னுடைய யோசனைதான் என்று எப்போதோ முடிவு செய்துவிட்டதால்தான் என்பாள் என் மனைவி.

இப்படிப்பட்ட மனிதரை வைத்துக் குடும்பம் நடத்த அவர் மனைவி ஒரு வித்தை கண்டுபிடித்திருந்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு சமயம் டாக்டர் ஃபோர்மேனிடம் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார். அன்று மத்தியானமே ஐயா கருவாடு கேட்டார், அதற்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாயும் கேட்டார். அக்கா கேட்டதை வைத்தார். சில நாள் கழித்துக் குழம்பில் உப்பைத் தானாகவே குறைத்துவிட்டு, "நீங்க சொன்ன மாதிரியே உப்ப கொறச்சிட்டேங்க. நல்லாத்தான் இருக்குதில்ல?" என்றார். ஃபோர்மேன் ஒரு வாய் சாப்பிட்டு, "நான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். பிரச்சினை முடிந்தது.

'நீங்க சொன்ன மாதிரியே' என்பதுதான் அந்த வீட்டுச் சாவி. மகளை வெளியூரில் படிக்க வைத்தது, பக்கத்து ஊரான வடக்குத்தில் மனை வாங்காமல் விட்டது, ஜன்னல் திரையின் நிறம், எல்லாம் அவர் சொன்ன மாதிரியே நடந்தவை. அவருக்குத்தான் சொன்ன ஞாபகம் இருக்காது. ஆனால் அதை ஒத்துக்கொள்ளவும் மாட்டார்.

மகளுக்கு இது பிடிக்காது. கண் பரிசோதிக்கும் படிப்பு படித்தவள், பார்வை கொஞ்சம் கூர்மை. ஒரு நாள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டாள்.

"ஏம்மா எப்பப் பாத்தாலும் பொய் சொல்ற?"

"பொய்யில்ல பாப்பா. அவரு சொல்றதுக்கு முன்னாடியே நான் கேட்டுகினேன். அவ்ளோதான்."

சுவருக்கு இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

இனிமேல்தான் கார் வருகிறது. கடலூரில் யாரிடமோ வாங்கிய பழைய டீசல் கார். அதில் கிளட்ச், கம்பியால் இழுபடுவதில்லை, ஆயிலால் தள்ளப்படுவது. பெடலை மிதித்தால் மெல்லிய குழாய் வழியாக ஆயில் போய், கியர்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன சிலிண்டரைத் தள்ளும். குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிட்டால் போச்சு. பெடல் பஞ்சு மூட்டை மாதிரி அமுங்கும், கியர் விழாது. காற்று ஏன் புகுந்தது என்றால், ஆயில் ஊற்றும் டப்பாவின் பக்கவாட்டில் இதுவரை ஊற்றவும் என்று ஒரு கோடு போட்டிருந்தார்கள். போட்டது அவர்கள் தப்பு. "கோடு போட்டு எனக்குச் சொல்லித் தரானா?" என்று கேட்டுவிட்டு ஃபோர்மேன் அந்தக் கோட்டுக்குக் கீழேயே ஊற்றிக்கொண்டிருந்தார். ஆயில் அடியில் போய் ஒட்டியதும் காற்று தாராளமாக உள்ளே வந்தது.

அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் வண்டிக்கு அடியில் படுத்து, அந்தச் சின்ன சிலிண்டரில் இருக்கும் நிப்பிளை ஸ்பேனரால் திறக்க வேண்டும். அதில் மாட்டிய டியூப் வழியாக ஆயிலும் காற்றுமாகக் குமிழி விட்டுக்கொண்டு பாட்டிலுக்குள் இறங்கும். உடனே நிப்பிளை மூட வேண்டும். மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். மூடுவதற்கு முன்னால் எடுத்தால் வெளியே போன காற்று வந்த வழியே திரும்பி உள்ளே போய்விடும். மொத்த வேலையும் மூன்று சொல்தான்: அமுக்கு, புடி, வுடு. இதை அடியில் கிடப்பவன்தான் சொல்ல வேண்டும். சீட்டில் இருப்பவர் கேட்க வேண்டும்.

சீட்டில் யார்? அவர்தான். வேறு யார் கால் பட்டாலும் பெடல் கெட்டுவிடும் என்பது அவர் சித்தாந்தம். அடியில் யார்? வேறு யார், நான்தான்.

எத்தனையோ வார விடுமுறைகள் நான் அந்தக் காருக்கு அடியில் கிடந்திருக்கிறேன். அமுக்குங்க என்பதற்குள் அமுக்கியிருப்பார். வுடுங்க என்பதற்குள் விட்டிருப்பார். சில நாள், வுடுங்க என்ற பிறகும் விடமாட்டார். "ஏன் சார்?" என்றால், "நல்லா போவட்டும்னு புடிச்சேன்" என்பார். மூடிய குழாயில் எது போகும் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிசயம் நடந்தது. அமுக்குங்க என்றேன், அமுக்கினார். புடிங்க என்றேன், பிடித்தார். நான் நிப்பிளைத் திறந்தேன். ஒரு பெரிய குமிழி டியூபில் இறங்கி வந்தது. அந்த நேரம் பார்த்து ஷிஃப்ட் சங்கு ஊதியது. பெடலில் இருந்து சட்டென்று காலை எடுத்துவிட்டுக் கார் கதவையும் திறந்து இறங்கிவிட்டார். அந்தக் குமிழி நான் பார்க்கப் பார்க்கத் திரும்பி உள்ளே போனது.

"சார், இன்னிக்கு உங்களுக்கு ஆஃப் இல்லீங்களா?" என்றேன்.

"சங்கு ஊதிடிச்சில்ல?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். ஆயுசில் அவர் மறுபேச்சில்லாமல் கட்டுப்பட்டது அந்தச் சங்கு ஒன்றுக்குத்தான். அதற்கு வாய் இல்லை என்பது காரணமாக இருக்கலாம்.

வடலூரில் ஒரு மெக்கானிக்கிடம் ஒரு முறை கொண்டுபோனார். "எறங்குங்க சார், என் ஆளு அமுக்குவான்" என்றார் அந்த மெக்கானிக். இறங்கச் சொல்லிவிட்டாரே, இறங்குவாரா? அப்படியே ரிவர்ஸ் எடுத்து வந்துவிட்டார். ரிவர்ஸ் விழுவதற்கு அந்தப் பஞ்சு பெடலைப் பல தடவை மிதிக்க வேண்டியிருந்ததாம். "இந்த மாடல் அப்பிடித்தான். மூணு நாலு வாட்டி அமுக்கணும்" என்று தெருவுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தெருவும் நம்பியது. சில பேர் அந்த மாடலையே வாங்காமல் விட்டார்கள்.

மகளுக்குப் புதுச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் வந்து சேர வேண்டும், வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஃபோர்மேனுக்கு மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்பப் பெருமை. கடைக்காரர், பால்காரர் யாரையும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் பத்து மணி என்பது மட்டும் அவருக்கு உறுத்தியது. "அவன் யாரு பத்து மணின்னு எனக்குச் சொல்ல? பதினோரு மணிக்குப் போனா என்னா, தொரத்திடுவானா?"

அந்தத் திங்கட்கிழமை பார்த்துக் கடையடைப்பு வந்தது. வளையமாதேவிப் பக்கம் சுரங்கத்துக்கு நிலம் எடுக்கும் விஷயம் சூடாகியிருந்த நேரம். பேருந்து ஓடாது என்று முந்தின நாளே தெரிந்துவிட்டது. வாடகைக் கார்க்காரர்கள் கண்ணாடியை உடைத்துவிடுவார்கள் என்று பயந்து போனையே எடுக்கவில்லை. நான் பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். "வூட்ல கார வச்சிகினு பைக்ல போவாளா?" என்று ஃபோர்மேன் சீறினார். காருக்கு டீசல் போடக் கிளம்பினார். போனார், வந்தார். வாசலில் நிறுத்தும்போது கிளட்ச் பெடல் ஒரேயடியாகக் கீழே போய், தரையோடு ஒட்டிக்கொண்டது. இப்போது மூன்று நான்கு வாட்டி இல்லை, முப்பது வாட்டி மிதித்தாலும் கியர் விழாது.

சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"தம்பி, காலையில சீக்கிரமா வந்து அந்த ஏர எடுத்துக் குடுத்திடுங்க. இந்த வேல போச்சின்னா பாப்பா அவருகூட பேசவே மாட்டா. அவ ஒருத்தியாவது இந்த வூட்ல இருந்து வெளிய போவணும்னு நான் வேண்டிகினு இருக்கேன்."

'போவணும்' என்று அவர் அழுத்திச் சொன்னது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பெற்ற மகளை வீட்டைவிட்டு அனுப்ப இவ்வளவு ஆசையாக வேண்டிக்கொள்ளும் தாயை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

விடிந்ததும் போனேன். ஃபோர்மேன் எனக்கு முன்பே எழுந்து, குளித்து, வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு சீட்டில் உட்கார்ந்திருந்தார். கோயிலுக்குக்கூட அவர் அவ்வளவு சீக்கிரம் கிளம்பியதில்லை. மகள் இரண்டு பையோடு வாசலில் நின்றாள். நான் சாக்கை விரித்து அடியில் நுழைந்தேன்.

"அமுக்குங்க சார்."

அமுக்கியிருந்தார்.

"புடிங்க." நிப்பிளைத் திறந்தேன். சோப்பு நுரை மாதிரிக் காற்று கொட்டியது. மூடுவதற்கு ஸ்பேனரைத் திருப்பினேன். அதற்குள் மேலே கால் எடுபட்டுவிட்டது. நுரை திரும்பியது.

"சார், நான் வுடுங்கன்னு சொல்லலீங்களே!"

"நீ சொல்லப் போறன்னு எனக்குத் தெரியாதா?"

மறுபடி. மறுபடியும் அதேதான். மணி ஏழை நெருங்கியது. "அப்பா, அவரு சொல்றப்ப மட்டும் எடுங்கப்பா" என்றாள் மகள். அவ்வளவுதான், அடுத்த தடவை அவர் அமுக்கவே இல்லை.

அக்கா தன் வித்தையை எடுத்தார். "ஏங்க, நீங்களே சொல்லுங்க. நீங்க தொறன்னா தம்பி தொறக்கட்டும், மூடுன்னா மூடட்டும்."

"அப்பிடிச் சொல்லு" என்று ஃபோர்மேன் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கும் நம்பிக்கை வந்தது. சீட்டில் இருப்பவர் சொல்லி அடியில் இருப்பவன் கேட்டாலும் இந்த வேலை நடக்கும். யார் சொல்கிறார்கள் என்பது கிளட்சுக்கு முக்கியமில்லை.

"தொற!" என்று கர்ஜித்தார். திறந்தேன். நன்றாக வந்தது. "மூடு!" என்று அவர் சொல்லும்போது கால் ஏற்கெனவே மேலே வந்துவிட்டிருந்தது. அந்தக் கால், சொன்னது தன் முதலாளியே ஆனாலும் கேட்பதாக இல்லை.

"நீதான் சரியா மூடல" என்றார். "எங்க காட்டு." சீட்டிலிருந்து இறங்கி, வெள்ளைச் சட்டை மண்ணில் படாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து எட்டிப் பார்த்தார். நான் நிப்பிளைக் காட்டினேன். அவர் குனிந்திருந்த அந்தச் சமயத்தில் மறுபக்கம் கார் லேசாக ஆடியது. அக்கா சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லுங்க தம்பி."

"அமுக்குங்கக்கா."

கால் இறங்கியது.

"புடிங்க." திறந்தேன், நுரைத்தது, மூடினேன். பெடல் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. "வுடுங்க." விட்டார். மறுபடி அமுக்குங்க, புடிங்க, வுடுங்க. சொல்லுக்கும் காலுக்கும் நடுவே ஒரு நூல்கூட இடைவெளி இல்லை. பட்டறையில் இத்தனை வருஷம் எத்தனை பேரை உட்காரவைத்து ஏர் எடுத்திருக்கிறேன், இப்படி ஒரு காலைப் பார்த்ததில்லை. பாராட்டலாம் என்று வாய் திறந்தேன். திறந்த வாய் கசந்தது. இவ்வளவு சுத்தமாகச் சொன்னதைச் செய்ய ஒருவருக்கு வருகிறது என்றால், அதை எந்த வீட்டில் பழகியிருப்பார்?

ஃபோர்மேன் பக்கத்தில் நின்றுகொண்டு "இப்ப தொற, இப்ப மூடு, இப்ப வுடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் சொல்ல முடிந்தது. குமிழி குறைந்து, சின்னதாகி, நின்று, சுத்தமான ஆயில் மட்டும் டியூபில் இறங்கியது. மகள் டப்பாவில் ஆயிலைக் கோடுவரைக்கும் ஊற்றினாள். "அவ்ளோ வேணாம்" என்றார் ஃபோர்மேன். அவள் கோட்டைப் பார்த்தாளே தவிர அவரைப் பார்க்கவில்லை. அக்கா பெடலை மிதித்துப் பார்த்தார். கல் மாதிரி நின்றது. வெளியே வந்து நான் ஸ்பேனரைத் துடைத்தேன்.

அக்கா நகர்ந்து பக்கத்து சீட்டுக்குப் போனார். மகள் பைகளைப் பின்னால் போட்டுவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். அவளுக்கு லைசென்ஸ் இருந்தது. படித்த ஊரிலேயே ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தவள்தான். கார்ச் சாவிதான் அவள் கைக்கு வந்ததில்லை; அன்று அது காரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"எறங்கு. நான் ஓட்டுறேன்" என்றார் ஃபோர்மேன்.

"வழியில மறிப்பாங்கப்பா. இந்த ரோட்ல போ, அந்த ரோட்ல போன்னு போலீஸ்காரங்க சொல்வாங்க. நீங்க கேக்க மாட்டீங்க. நானே ஓட்டுறேன். நீங்க பின்னாடி ஏறுங்க."

அவர் வரத்தான் கிளம்பியிருந்தார். அந்தச் சட்டையைப் பார்த்தவர்களுக்கெல்லாம் அது தெரியும். மகளை வேலையில் சேர்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் நின்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று விடிவதற்கு முன்பே குளித்த மனுஷன். அந்த 'ஏறுங்க' மட்டும் அவள் வாயிலிருந்து வராமல் இருந்திருந்தால் தானாகவே கதவைத் திறந்து ஏறியிருப்பார். சொல்லிவிட்டாள். கதவுக்கு அருகில் வந்த கை அங்கேயே நின்றது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மகள் கண்ணாடியில் அவரைப் பார்த்தபடி காத்திருந்தாள். கூப்பிடாமல் போகக்கூடாது என்றுதான் அவளும் பார்த்தாள். "அப்பா, ஏறுங்கப்பா" என்றாள் இன்னொரு தடவை, கொஞ்சம் கெஞ்சலாக. அவர் தோளைத் திருப்பி வாசல் மரத்தைப் பார்த்தார்.

அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். 'நீங்க சொன்ன மாதிரியே பாப்பா ஓட்டட்டும், நீங்க பின்னாடி உக்காந்து பாத்துக்குங்க' என்று ஒரு வார்த்தை. அது போதும், ஏறிவிடுவார். அக்காவின் வாய் அதற்காகத் திறந்தது. கணவரின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு தலையை உள்ளே இழுத்தார்.

"எடு பாப்பா" என்றார்.

கியர் ஒரே மிதியில் விழுந்தது. குலுக்கல் இல்லாமல் கார் நகர்ந்தது. அவள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். இன்றைக்கும் அங்கேதான் வேலை செய்கிறாள், காரும் அவளிடம்தான் இருக்கிறது. அன்று வண்டி பிளாக் முனையில் திரும்பி மறையும்வரைக்கும் அவர் திரும்பியே பார்க்கவில்லை. சத்தம் அடங்கிய பிறகுதான் என் பக்கம் பார்த்தார்.

"நான்தான் போவச் சொன்னேன்" என்றார்.

இத்தனை வருஷம் அவரைப் பார்த்துச் சிரித்த எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. பாவமாக இருந்தது. ஆமாங்க, நீங்க சொன்ன மாதிரியேதான் என்று சொல்ல அந்த வீட்டில் அப்போது ஆள் இல்லை. சாயங்காலம் பஸ் விட்டால்தான் அக்கா வருவார். நானாவது அதைச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக ஒன்று சொன்னேன், நல்ல எண்ணத்தில்தான்.

"வெயில் ஏறுது சார். உள்ள போய் உக்காருங்க."

மத்தியானம்வரை அவர் அந்த வெயிலிலேயே நின்றிருந்தார்.